இரண்டு பேருக்குக் கொடுக்கப்பட்ட ஏழாம் அறை

போன ஜனவரியில் (2006) நான் டெல்லிக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. மோதி பாக் பக்கம் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய விடுதிக்கு நான் எழுதிக் கொடுத்த மென்பொருள், ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுக்கிறது என்று புகார். சென்னையில் என் கணினியில் ஒரு நாளும் அப்படி நடந்ததில்லை. சிகிச்சைக்காக ஊரிலிருந்து வருபவர்கள் தங்கும் இடம் என்பதால் போனிலேயே சமாளிக்க மனம் வரவில்லை.

பனிமூட்டத்தில் ரயில் ஐந்து மணி நேரம் தாமதம். ஜனவரியில் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். புது டெல்லி நிலையத்திலிருந்து விடுதிக்குப் பத்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். மீட்டர் போடச் சொன்னேன். "குளிரில் மீட்டர் ஓடாது, பாய் சாப்" என்று இந்தியில் சொன்னார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். நூறுக்குப் படிந்தது. சாணக்யபுரி வழியாகப் போனோம். அகலமான சாலையைத் தவிர எதுவும் தெரியவில்லை.

எனக்கு ஏழாம் அறை என்று அன்று காலை ரயிலிலிருந்தே போனில் பதிவு செய்திருந்தேன். சாவி கேட்டதும், வரவேற்பில் இருந்த ரேகா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண்.

"சார், ஃபோன் புக்கிங் விண்டோல ஏழு உங்க பேர்ல இருக்கு. செக்-இன் விண்டோல இவங்க பேர்ல இருக்கு. தோனோ, ரெண்டும், ஒரே ரூம். நான் என்ன பண்றது?"

'இவங்க' என்றது எனக்குச் சற்று முன்னால் வந்து, பெஞ்சில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த திருநெல்வேலித் தம்பதியை. அந்த அம்மாளுக்கு மறுநாள் அறுவை சிகிச்சை.

"தம்பி, நீங்க முதல்லயே சொல்லி வச்சிருந்தா எடுத்துக்கிடுங்க. நாங்க வேற எங்கயாச்சும் பாத்துக்கிடுதோம்" என்றார் கணவர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் பதிவை நீக்கச் சொல்லி, சாவியை அவரிடம் கொடுக்க வைத்தேன்.

மேலாளர் சேதுராமன் அதற்குள் வந்துவிட்டார். மத்திய அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"மூணாம் நம்பர் காலின்னு காட்டறது, சாவியும் தொங்கறது. நீங்க அதுல இருங்கோ. ஆனா இன்னிக்குள்ள இதைச் சரி பண்ணலேன்னா நாளைலேர்ந்து உங்க சாஃப்ட்வேர் வேண்டாம் சார். ஒடம்பு முடியாதவாளை வாசல்ல உட்கார வைக்கறது என்னால முடியாது."

பையை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு ரேகாவின் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் என்ற முறையில் இந்த நிரலை எழுதியிருந்தேன்; அது பெரிய மந்திரமில்லை. ஒவ்வொரு பகுதியும் தனக்கு வேண்டியதைத் தானே உருவாக்காமல், கன்டெய்னர் என்ற ஒன்று உருவாக்கிக் கையில் கொடுக்கும். நான் அதுவரை எழுதியதெல்லாம் இணையதளங்கள். அங்கே கன்டெய்னரைச் சர்வரே எழுப்பிவிடும். டெஸ்க்டாப்பில் எழுப்ப ஆளில்லை என்பதால், ஒவ்வொரு விண்டோவும் திறக்கும்போது ஒரு கன்டெய்னரைத் தொடங்கும்படி எழுதியிருந்தேன். விளைவு, விண்டோவுக்கு ஒரு கன்டெய்னர், ஆளுக்கொரு அறைப்பட்டியல். திறந்தபோது டேட்டாபேஸிலிருந்து எடுத்த பட்டியலையே ஒவ்வொன்றும் வைத்துக்கொண்டிருக்கும்; இதில் போட்டது அதற்குத் தெரியாது. சென்னையில் நான் ஒரு நேரத்தில் ஒரு விண்டோவைத்தான் திறந்து பார்த்தேன். ரேகாவோ காலையிலிருந்து இரண்டையும் மூடுவதே இல்லை.

நிரல் தொடங்கும் மெயினில், முதல் வேலையாக, ஒரே ஒரு முறை கன்டெய்னரை எழுப்பினேன். முதல் விண்டோவை அதனிடமே கேட்டு வாங்கினேன். மற்றவற்றையும் அதுவே கொடுக்கும். விண்டோக்களுக்குள் இருந்த தொடக்க வரிகளையெல்லாம் அழித்தேன். நிரலை மூடினால் கன்டெய்னரும் மூடும்படி செய்தேன்.

ரேகா இரண்டு விண்டோவையும் திறந்தார். ஒன்றில் ஓர் அறைக்காரர் பெயரைத் திருத்திப் பார்த்தார். மற்றதிலும் உடனே மாறியது. சேதுராமன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இப்பதான் ரெண்டும் ஒண்ணையே சொல்றது" என்றார். அந்தக் குளிரிலும் எனக்கு உள்ளே கதகதப்பாக இருந்தது.

ரேகாவிடம் மூன்றாம் அறைச் சாவியைக் கேட்டேன்.

"ஸாரி சார். மூணாம் நம்பரும் காலையிலயே குடுத்தாச்சு. ஃபோன் விண்டோக்குத்தான் தெரியல. அவங்க வெளிய போறப்ப சாவிய இங்க வச்சுட்டுப் போயிருக்காங்க. இப்ப கரெக்டா காட்டுது, ஒரு ரூமும் இல்ல."

பையை எடுத்துக்கொண்டு, ரயில் நிலையத்துக்கு எதிரே மலிவு லாட்ஜுகள் இருக்கும் பஹாட்கஞ்சுக்கே திரும்பிப் போனேன். ஆட்டோ மறுபடியும் நூறு, அறை முந்நூற்றைம்பது, வெந்நீர் தனி. டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுகிறவர்கள் கன்டெய்னரை எங்கே எழுப்புவது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்; எல்லா விண்டோவையும் திறந்துவைத்துச் சோதியுங்கள். மோதி பாக் விடுதியில் தங்க நினைப்பவர்கள் கிளம்பும் முன் போன் செய்யுங்கள். ரேகா இல்லை என்று சொன்னால் நம்புங்கள். எனக்கே இல்லை என்றுதான் சொன்னார்.