ஏரேட்டருக்கு ஒரு மூளை, பம்புக்கு ஒரு மூளை

மணமேல்குடிக்குத் தெற்கே ஓர் இறால் பண்ணையில் மோட்டார் பார்க்கிறேன். பத்தாம் வகுப்புப் படிப்புக்கு இது பெரிய பதவி. குளத்து நீரில் ஆக்சிஜன் குறைந்தால், தண்ணீரை அடித்துக் காற்றுக் கலக்கும் ஏரேட்டரைப் போட வேண்டும். உப்பு ஏறினால் போர் தண்ணீரைப் பாய்ச்ச வேண்டும். இரண்டுக்கும் என் ஒரு மூளை போதாது என்று முதலாளிக்குத் தோன்றியதால், போன கோடையில் ஒரு ஆட்டோமேட்டிக் பெட்டி வந்து இறங்கியது.

பொருத்த வந்த இன்ஜினியர் தம்பி, ஆக்சிஜன் மீட்டரை ஏரேட்டர்களோடும் உப்பு மீட்டரைப் பம்போடும் இணைத்தார். அதது தன் வேலையைப் பார்க்கும், ஒன்றில் ஒன்று தலையிடாது என்றார். கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் போர் தண்ணீரில் ஆக்சிஜன் இராது, பம்பு ஓடினால் ஏரேட்டரும் கூடவே ஓடியாக வேண்டும். கரண்டு போனாலோ எங்கள் ஜெனரேட்டர் இரண்டையும் சேர்த்து இழுக்காது. இதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"என்னண்ணே, டீ வாங்கப் போறீங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்று போய்விட்டேன்.

இறால் பிடிக்க ஐந்து நாள் இருந்தபோது, மேகமூட்டமான ஒரு மதியம் கரண்டு போயிற்று. ஜெனரேட்டரைப் போட்டேன். உப்பு மீட்டர் கடமை தவறாமல் பம்பை ஓட்டியது. போர் தண்ணீர் உள்ளே வர வர ஆக்சிஜன் இறங்கியது. ஆக்சிஜன் மீட்டரும் கடமை தவறாமல் எல்லா ஏரேட்டர்களையும் ஓட்டியது. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் இதே கதை. பெட்டி ஒரு தப்பும் செய்யவில்லை. இறால்கள்தான் விவரம் புரியாமல் மூச்சுக்குத் தவித்துக் கரையோரம் மிதந்தன.

முதலாளி ஓடி வந்தார். "ஏம்ப்பா, பெட்டியில பச்ச லைட்டு எரியுது, இங்கிட்டு எறா மெதக்குது. என்னதான் நடக்குது?"

பதில் சொல்வதைவிட ப்யூஸ் பிடுங்குவது எனக்குச் சுலபம். பம்பின் ப்யூஸ் கட்டையை உருவிவிட்டு ஜெனரேட்டரைப் போட்டேன். ஏரேட்டர்கள் மட்டும் சுழன்றன.

"யோவ், புதுப் பெட்டிய்யா அது! அதுல போயி கைய வைக்கிற?"

"கரண்டு வரட்டுங்க. உப்பு ஒரு நாளு பொறுக்கும். மூச்சு பொறுக்காதுங்க."

அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல் முறை. சாயங்காலத்துக்குள் இறால்கள் அடிக்கு இறங்கின. ஒரு கூடை அளவுதான் செத்தது.

மறுநாள் இன்ஜினியர் வந்து, ஜெனரேட்டர் ஓடும்போது பம்புக்கு லைன் போகாதபடி ஒரு ரிலே வைத்தார். அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயரும் சொன்னார். முதலாளிக்குப் பரம திருப்தி.

ஐந்தாம் நாள் இறால் பிடித்தோம். வந்த வியாபாரிக்கு முதலாளி பெட்டியைத் திறந்து காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். நான் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றப் போனேன்.