மாட்டேன் என்று தலையாட்டியவன்

எங்கள் நெத்தூனோவில் திசியானோவின் பெயரை எடுத்தால் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மீதிப் பேர் திட்டுவார்கள். ஊரை விற்று அமெரிக்காவுக்கு டிக்கெட் வாங்கியவன் என்று போன வாரம் ஒரு பொடியன் சொன்னான். அந்த ஆட்டம் நடந்தபோது அவன் பிறந்தே இருக்க மாட்டான். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்குத் திசியானோவுக்கு எதிரே முகமூடி போட்டுக் குந்தி உட்கார்ந்து, அவன் போட்ட பந்தையெல்லாம் பிடித்தவன் நான். என் பெயர் எர்மெஸ். டயர் கடை வைத்திருக்கிறேன்.

திசியானோவும் நானும் ஒரே தெரு. அவன் அப்பா அக்கில்லே மாமா அமெரிக்கச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் வேலை பார்த்தார். உலகப் போரில் அந்தச் சிப்பாய்கள் கரையிறங்கிய காலத்தில் விட்டுவிட்டுப் போன விளையாட்டுத்தான் பேஸ்பால். இத்தாலி முழுக்கப் பிள்ளைகள் பந்தை உதைத்துக்கொண்டிருக்க, எங்கள் ஊரில் மட்டும் நடக்கத் தொடங்கியதுமே இடது கையில் தோல் உறையை மாட்டிவிடுவார்கள்.

அவன் ஒல்லிக்குச்சி. விடியற்காலையில் மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் பெட்டி தூக்குவான், மத்தியானம் தூங்குவான், சாயங்காலம் மைதானத்துக்கு வருவான். வாய் மட்டும் ஓயாது. நான் குந்திக் குந்தி நடை கோணிப்போனவன் என்பதால் எனக்கு 'வாத்து' என்று பெயர் வைத்தவன் அவன்தான். எதிராளியின் ஓட்டத்தைத் தடுக்க நான் இரண்டாவது மூலைக்கு எறியும் பந்து தபாலில்தான் போய்ச் சேருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். உண்மையும் அதுதான். என்னைப் பார்க்க எந்த ஊரிலிருந்தும் எவனும் வந்ததில்லை. அவனுடைய வலது கை வேறு. அந்தக் கையிலிருந்து புறப்படும் பந்து என் உறைக்குள் விழும்போது உள்ளங்கை தீய்ந்துபோகும். எனக்குப் பொறாமையே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

அவனுக்குப் பத்தொன்பது வயதும் பதினொரு மாதமும் ஆனபோது ஹூப் என்கிற டச்சுக்காரரிடமிருந்து போன் வந்தது. அமெரிக்கக் க்ளப் ஒன்றுக்காக ஐரோப்பா முழுக்க அலைந்து பையன்களைப் பொறுக்குகிறவர். இத்தாலியன் நன்றாகவே பேசினார், சுற்றி வளைக்காமல் பேசினார். இருபது தாண்டிய ஐரோப்பியப் பையனை அங்கே முதலாளிகள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்களாம். ஓர் இடம்தான் காலியாம். நிஜ ஆட்டத்தில், நிஜமாக ஒருத்தன் மட்டையோடு எதிரே நிற்கும்போது, தொண்ணூறு மைல் வேகத்தைத் தாண்டி ஒரே ஒரு பந்து போட்டுக் காட்டினால் கையெழுத்து. இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவர் ஜெர்மனிக்குப் போய் அங்கே ஒரு பையனைப் பார்ப்பார். பயிற்சியில் காட்டுகிற வேகமெல்லாம் கணக்கில் வராது என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்.

அவர் வரக்கூடிய ஒரே நாள் சனிக்கிழமை. அன்றைக்குத்தான் க்ரொசெட்டோ ஊர் அணியோடு அரையிறுதியின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் இறுதிப் போட்டி, தோற்றால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். அந்த ஆட்டத்தில் உள்ளூரில் வளர்ந்தவன்தான் பந்து போடவேண்டும் என்பது விதி. எங்கள் அணியில் பந்து போடுகிறவர்களில் அப்படி இருந்தவன் திசியானோ ஒருத்தன். எல்லாம் ஒரே நாளில் வந்து மோதியது.

முதல் சுற்றில் அவன் பதற்றத்தில் பந்தை இறுக்கிப் பிடித்துப் போட்டான். ஹூப் வலைக்குப் பின்னால், என் முதுகுக்கு நேரே உட்கார்ந்து, வேகம் அளக்கும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருந்தார். எண்பத்தாறு, எண்பத்தேழு. அதற்குமேல் ஏறவில்லை. அந்த எண்பத்தேழையும் க்ரொசெட்டோக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். இரண்டு ரன் போயிற்று. எங்கள் மேனேஜர் வால்தெருக்குப் பொறுமை போய்விட்டது. சுற்று முடிந்து வந்ததும் என் மார்க்கவசத்தைப் பிடித்து இழுத்து, இனிமேல் வேகப்பந்து கிடையாது, வளைபந்து மட்டும்தான், மீறினால் தொலைத்துவிடுவேன் என்றார்.

வளைபந்து வேலை செய்தது. அதுதான் வயிற்றெரிச்சல். இரண்டாவது சுற்றிலிருந்து எட்டாவது சுற்றுவரை ஒருத்தனாலும் அவனைத் தொட முடியவில்லை. மெதுவாக வந்து கடைசியில் சட்டென்று கீழே விழும் அந்தப் பந்துக்கு அவர்கள் காற்றில் மட்டையைச் சுழற்றிவிட்டுத் திரும்பினார்கள். நாங்கள் மூன்று ரன் எடுத்தோம். ஊரே எழுந்து நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. துப்பாக்கியில் எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று. அந்த வேகத்தில் பந்து போட அமெரிக்காவில் தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். ஏழாவது சுற்றில் ஹூப் நோட்டை மூடினார். எட்டாவதில் துப்பாக்கியைப் பைக்குள் வைத்தார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். மேனேஜர் சொன்னதைச் செய்தேன், ஜெயித்தோம் என்று சொன்னால் யாரும் என்மேல் ஒரு விரல் நீட்ட முடியாது. அவன் இங்கேயே இருப்பான், சாகும்வரை என்னை வாத்து என்று கூப்பிடுவான். அந்த நினைப்பு எனக்கு இனித்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது.

ஒன்பதாவது சுற்று. மூன்றுக்கு இரண்டு என்று நாங்கள் முன்னால். இரண்டு பேர் அவுட். முதல் மூலையில் அவர்கள் ஆள் ஒருத்தன். மட்டை பிடித்து நின்றவன் வாங்கெல்லி. கசாப்புக் கடைக்காரர் மகன், கழுத்தே கிடையாது. வேகப்பந்து கிடைத்தால் பிளந்துவிடுவான், வளைபந்தில் தடுமாறுவான். முதல் பந்து வளைபந்து, தவறவிட்டான். இரண்டாவதும் வளைபந்து. அது மட்டையின் விளிம்பில் பட்டு என் தலைக்குப் பின்னால் உயரே எழும்பியது. பிடித்தால் ஆட்டம் முடிந்தது. முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். ஒரு சாண் தள்ளி விழுந்தது. சத்தியமாக வேண்டுமென்று விடவில்லை.

நான் போய் மோதி நின்றது வலைமேல். வலைக்கு அந்தப் பக்கம் ஹூப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறப் போனார். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. பார்க்க வந்தார், பார்த்தாயிற்று, கிளம்புகிறார். வலையில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னேன்:

"அய்யா, ஒரே ஒரு பந்து. மிஷினை வெளியில எடுங்க. இதைப் பாத்துட்டுப் போங்க."

அவர் என்னையே பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

திரும்பி வந்து குந்தினேன். வால்தெர் தொப்பியை இரண்டு தடவை தட்டினார், வளைபந்து என்று அர்த்தம். அதைத் திசியானோவுக்குச் சொல்லவேண்டியது என் வேலை. தொடைகளுக்கு நடுவில் கையை மறைத்து இரண்டு விரல் காட்டினால் வளைபந்து, ஒரு விரல் என்றால் வேகப்பந்து. அந்த விரல் பந்து போடுகிறவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவன் தலையாட்டுவது மைதானம் முழுக்கத் தெரியும்.

நான் ஒரு விரல் காட்டினேன்.

அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். மறுபடி ஒரு விரல். மறுபடி மாட்டேன் என்றான். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. மூன்றாவது தடவையும் ஒரு விரல். மூன்றாவது தடவையும் மாட்டேன். வால்தெர் பெஞ்சிலிருந்து எழுந்து கத்த ஆரம்பித்தார். நான் நடுவரிடம் நேரம் கேட்டுவிட்டு அவனிடம் நடந்து போனேன். உறையால் வாயை மறைத்துக்கொண்டான்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? வளைவுதானே கேக்குறாரு?"

"அந்த ஆளு மிஷினைத் திரும்ப எடுத்துட்டாருடா. ஒரு பந்துதான் பாப்பாரு."

"எங்கப்பா மேல படியில உக்காந்திருக்காரு. ஊரே உக்காந்திருக்கு. அடிச்சுட்டான்னா?"

"அடிச்சா அடிக்கட்டும். இன்னும் பத்து நாள்ல உனக்கு இருபது. அப்புறம் ஆயுசு முழுக்க ஐஸ் பெட்டிதான். போட்றா."

அவன் கண் கலங்கியிருந்தது. கோபமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்து ஒரு விரல் காட்டினேன். இந்தத் தடவை அவன் தலையாட்டவில்லை.

அந்த மாதிரி ஒரு பந்தை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தொண்ணூற்று நாலு என்று அப்புறம் ஹூப் சொன்னார். ஆனால் அது என் உறைக்கு வந்து சேரவே இல்லை. வாங்கெல்லி கண்ணை மூடிக்கொண்டுதான் மட்டையைச் சுழற்றியிருப்பான். பட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பந்து இடது பக்க வேலியைத் தாண்டி வெளியே நின்ற கார்களுக்கு நடுவில் விழுந்தது. முதல் மூலையில் நின்றவனும் அவனும் ஓடி முடித்தார்கள், மூன்றுக்கு நாலு.

எங்களுக்கு இன்னொரு தடவை மட்டை பிடிக்க வாய்ப்பு இருந்தது. மூன்று பேர் போனோம், மூன்று பேரும் அவுட். கடைசி ஆள் நான்தான்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே ஐந்நூறு பேர் இருப்பார்கள். வளைபந்து ஜெயித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது வேகப்பந்து கேட்ட கழுதை யார் என்ற சத்தம் கதவுக்கு உள்ளே வந்தது. என் பெயரும் காதில் விழுந்தது. போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன், சத்தியமாக எழுந்தேன். அதற்குள் திசியானோ சட்டைகூட மாற்றாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

"எர்மெஸை விடுங்க," என்றான். "அவன் வளைவுதான் கேட்டான். மூணு தடவை கேட்டான். மாட்டேன்னு நான் தலையாட்டினதை எல்லாரும் பாத்தீங்கள்ல? அமெரிக்காக்காரனுக்காகத்தான் போட்டேன்."

எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதனால் எல்லோரும் நம்பினார்கள். ஒருத்தன் அவன்மேல் துப்பினான். வால்தெர் என் முதுகில் தட்டி, உன்மேல் தப்பில்லை என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், சூடு ஆறட்டும் என்று நினைத்தேன். அந்த நாளை வர எனக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று.

மறுநாள் காலையில் ஹூப் ஜெர்மனிக்குப் போகவில்லை. அக்கில்லே மாமா வீட்டு அடுக்களை மேசையில் காகிதங்களைப் பரப்பினார். திசியானோ கையெழுத்துப் போட்டான். அன்றைக்கு மத்தியானமே அவனைத் தனியாகப் பிடித்து, ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று சண்டை போட்டேன். நான் கிளம்பிப் போகிறவன், நீ இங்கேயே டயர் விற்கவேண்டியவன் என்றான். அவ்வளவுதான் அவன் விளக்கம்.

அரிசோனாவில் ஒரே அறையில் நாலு பேராக ஆரம்பித்தான். அப்புறம் பஸ், மோட்டல், பஸ். ஒவ்வொரு வருஷமும் ஒரு படி ஏறினான். அஞ்சாவது வருஷம் பெரிய லீகுக்கு ஒரே படி பாக்கி இருக்கும்போது முழங்கையில் நரம்பு அறுந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள், வேகம் திரும்பவில்லை. அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வாடா என்று கெஞ்சினேன். எந்த மூஞ்சியோடு என்று கேட்டான். ஒஹாயோவில் ஒரு சின்ன ஊரில் கூரை போடும் வேலைக்குப் போனான், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். இங்கே அக்கில்லே மாமாவோடு சீட்டு விளையாட ஆள் இல்லாமல் போயிற்று. அவர் மகனைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னைப் பார்த்தால் மட்டும் நீயாவது சொன்னதைச் செய்தாய் என்பார். நான் அதை மென்று முழுங்கிக்கொண்டு நிற்பேன்.

போன நவம்பரில் மாமா இறந்தார். திசியானோ வந்தான். முடி கொட்டியிருந்தது, வலது கை முழுசாக நீளவில்லை. தேவாலய வாசலில் வரிசையாக நின்று எல்லோரும் அவன் அக்காவுக்குக் கை கொடுத்தார்கள். அவனிடம் வந்ததும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு கடந்து போனார்கள். அவன் கொடுக்க நீட்டிய கை அப்படியே நின்றது. எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

அடக்கம் முடிந்து திசியானோவைத் தவிர எல்லோரும் நெல்லோவின் காபி பாரில் கூடியிருந்தார்கள். ஆட்ட நாளில் வருகிற அதே ஆட்கள். கிழவராகிவிட்ட வால்தெரும் இருந்தார். அப்பன் சாவுக்கும் டாலர் செருப்போடு வந்து நிற்கிறான் பார் என்று யாரோ ஒருத்தன் சொன்னான். நான் மேசையில் ஓங்கி அடித்தேன்.

"வேகப்பந்து கேட்டது நான். அவன் வளைவுதான் போடணும்னான். அதுக்குத்தான் தலையாட்டினான். ஊருக்காகத் தலையாட்டினான். நான்தான் போட வச்சேன்."

நெல்லோ கோப்பையைத் துடைப்பதை நிறுத்தினான். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு விட்டதுபோல இருந்தது. அடிப்பார்களா, துப்புவார்களா, என்ன வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

வால்தெர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அவர் கண் ஈரமாக இருந்தது.

"தங்கமான மனசுடா உனக்கு," என்றார். "எழவு அன்னிக்கு நண்பனுக்காகப் பழியை இழுத்துத் தலைமேல போட்டுக்குற. ஆனா நாங்க கண்ணால பாத்தோமேடா. மூணு தடவை மாட்டேன்னு தலையாட்டினான்."

அது வேகப்பந்துக்குத்தான் என்று மறுபடி சொன்னேன். ஹூப்பிடம் வலை வழியாகப் பேசியதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் கனிந்துகொண்டே போனது. இவனை மாதிரி ஒருத்தன் கூட இருந்தும் அந்தப் பாவி இப்படிச் செய்தானே என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான். இரண்டு பேர் வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். நான் குடித்த காபிக்கு நெல்லோ காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான்.