உமாராணி டீச்சரின் நீலப் பட்டியல்

உமாராணி டீச்சருக்கு யாரைப் பார்த்தாலும் வகை பிரிக்காமல் இருக்க முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், தெருவில் மீன் கொண்டுவருகிற அம்மா, ரேஷன் கடையில் எடை போடுகிறவர், எவரானாலும் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு ரெடி. இவர் பார்த்துப் படிக்கிற ஆள். இந்த அம்மா கேட்டுப் படிக்கிற ஆள். அந்தப் பையன் கையை வைத்துச் செய்தால்தான் மண்டையில் ஏறும். துறைமுகத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கும் கணவர் லிங்கராஜை மட்டும் அவர் எதிலும் சேர்க்கவில்லை. "இவரு எப்படிச் சொன்னாலும் படிக்காத ஆளு" என்று தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்.

தூத்துக்குடியில் கடலை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை தமிழும் சமூக அறிவியலும் அவர் பொறுப்பு. சொந்த ஊர் ஓட்டப்பிடாரம். சர்வீஸ் பத்தொன்பது வருஷம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐந்து நாள் பயிற்சி ஒன்றுக்குப் போனார். மற்ற டீச்சர்மார் அங்கே போட்ட தயிர்சாதத்தைப் பற்றித்தான் ஊருக்கு வந்து பேசினார்கள். இவர் மட்டும் மந்திரித்துவிட்ட மாதிரி வந்தார். பிள்ளைகள் மூன்று வகை என்று அங்கே யாரோ சொல்லிவிட்டார்கள். உலகத்தில் உள்ள பிள்ளைகளை எல்லாம் மூன்று கூடையில் போட்டுவிடலாம் என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. உமாராணிக்கு அது வேதவாக்கு ஆகிவிட்டது.

உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஒரு பாடத்தை மூன்று பாடமாகத் திட்டம் போடுவார். பார்க்கிறவர்களுக்குப் பச்சைப் பட்டியல், ஜன்னல் ஓரம், படமும் வரைபடமும். செய்கிறவர்களுக்குச் சிவப்பு, பின்னால் தரையில், கத்தரிக்கோலும் களிமண்ணும். கேட்கிறவர்களுக்கு நீலம். அவர்களுக்கு முன்வரிசை. ஏழாம் வகுப்பில் நீலப் பட்டியலில் பதினொரு பேர். முதல் பெயர் ஏஞ்சலின்.

ஏஞ்சலின் சங்கு குளிக்கிற மனுவேலின் மகள். ஆறாம் வகுப்பிலிருந்தே உமாராணியிடம்தான் படிக்கிறாள். டீச்சர் வாயைத் திறந்தால் போதும், இவள் கண் அதைவிட்டு நகராது. ஈ பறந்தாலும் திரும்ப மாட்டாள். செய்யுளை டீச்சர் இரண்டு தரம் சொன்னால் மூன்றாம் தரம் அவள் சொல்வாள், அதுவும் கணீரென்று, பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்கும். இப்படி ஒரு பிள்ளை கிடைத்தால் எந்த டீச்சருக்குத்தான் தலைகால் புரியும்? "கேட்டுக் கற்பதில் முதன்மை" என்று தன் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டு வைத்திருந்தார்.

சொல்வதெழுதுதலில் மட்டும் அவள் பாதி இடத்தை வெறுமனே விட்டுவிடுவாள். டீச்சர் நடந்துகொண்டே சொல்வார், இவள் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு முழிப்பாள். அதற்கும் குறிப்பேட்டில் ஒரு வரி இருந்தது. "எழுத்துப் பயிற்சி தேவை."

மார்ச் மாதம் மாவட்டத்திலிருந்து மகாராஜன் சார் வகுப்பு பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. பாடத்திட்டம் பார்க்கிற அதிகாரி. அவருக்குப் பிடித்துவிட்டால் ஜூன் மாதத்திலிருந்து ஒன்றியத்தில் உள்ள முப்பத்திரண்டு பள்ளிக்கும் உமாராணியின் முறைதான். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஆசை அவருக்கு உயிரைக் கொடுக்கிற ஆசை. பத்தொன்பது வருஷத்தில் அவர் பெயரை யாரும் கைதட்டிச் சொன்னதில்லை.

பாடம் கொற்கை. பழைய முத்துத் துறைமுகத்தின் வரலாறும், அதைப் பற்றிய பழம்பாட்டு ஒன்றும் சேர்ந்து ஒரே வகுப்பு. பச்சைக்குக் கடல் அன்றைக்கு எதுவரை இருந்தது, இன்றைக்கு எங்கே விலகிப் போய்விட்டது என்று இரண்டு வரைபடம். சிவப்புக்குச் சிப்பி. நீலத்துக்கு அவர் குரலிலேயே பதிவு செய்த ஒரு கதை. கொற்கைக்கு நேரில் போய் வாழைத்தோட்டத்து நடுவில் நின்று பார்த்துவிட்டு வந்து எழுதிய கதை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சத்தம் வரக்கூடாதென்று ஃபேனை நிறுத்திப் பதிவு செய்தார். லிங்கராஜ் வேர்த்து வழிந்துகொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார். பின்னணிக்கு அலைச் சத்தம் வேறு, கடற்கரைக்கே போய்ப் பிடித்து வந்தது.

அந்த நாள் வந்தது. மகாராஜன் சார் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். சிவப்புக் குழு சிப்பியைத் திறந்ததும் வகுப்பே நாறியது. சார் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டே சிரித்தார். நல்ல சகுனம் என்று உமாராணி நினைத்துக்கொண்டார். நீலப் பட்டியலுக்கு நேரம் வந்தது.

"எல்லாரும் கண்ண மூடிக்கோங்க. நான் சொல்லுத வரைக்கும் யாரும் திறக்கக் கூடாது. நாம இப்போ கொற்கைக்குப் போறோம்."

பதினொரு பேரும் கண்ணை மூடினார்கள். ஸ்பீக்கரில் அலை அடித்தது. கதை ஓடியது. முத்து வாங்க வந்த யவன வியாபாரி கருவாட்டு வாசம் தாங்காமல் ஓடுகிற இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் கண்ணை மூடியபடியே சிரித்தார்கள். ஏஞ்சலின் சிரிக்கவில்லை. எவ்வளவு ஆழமாகக் கேட்கிறாள் பார் என்று டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏழு நிமிடத்தில் கதை முடிந்தது. "திறக்கலாம்" என்றார். பத்துப் பேர் கண்ணைத் திறந்தார்கள்.

"ஏஞ்சலின், திற."

அவள் அசையவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு, கையை மடியில் கட்டிக்கொண்டு, சிலுவைக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தாள்.

"ஏளா ஏஞ்சலின்!"

பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "வெயிலுக்குக் கண் அசந்துட்டா போல" என்றார் சார். உமாராணிக்கு மானம் போயிற்று. விறுவிறுவென்று போய்த் தோளைத் தொட்டார். அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். தூங்கிய கண்ணாக இல்லை. டீச்சரின் வாயைப் பார்த்தாள், சிரித்தாள்.

"ஆரம்பிக்கப் போறீங்களா டீச்சர்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. 

"என்னளா சொல்லுத?"

"கண்ண மூடச் சொன்னீங்கல்ல? மூடிட்டேன். எப்ப ஆரம்பிப்பீங்கன்னு இருந்தேன்."

மிச்ச வகுப்பை அவர் எப்படி நடத்தினார் என்று அவருக்கே தெரியாது. மகாராஜன் சார் கையைக் குலுக்கினார். "பிரமாதம் டீச்சர். ஜூன்ல எல்லா ஸ்கூலுக்கும் அனுப்பிருவோம். திட்டத்த மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க" என்றார். மூன்று வருஷமாகக் காத்துக் கிடந்த வார்த்தை. அது காதில் விழுந்தும் விழாமல் போயிற்று.

இடைவேளையில் ஏஞ்சலினை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். பின்னால் நாலடி தள்ளி நின்று, சாதாரணமாகப் பேசுகிற குரலில், "உன் ரிப்பன் அவுந்து கிடக்கு" என்றார். கை தலைக்குப் போகவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். இல்லை. அடித்தொண்டையிலிருந்து கத்திய பிறகுதான் அவள் திரும்பினாள்.

உமாராணிக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்ததும் பயமாக இருந்தது. அவளை நேராகப் பார்த்து, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து அதே வார்த்தையைச் சொன்னார்.

ஏஞ்சலினின் கை சட்டென்று ரிப்பனுக்குப் போயிற்று. "அவுரலையே டீச்சர்" என்றாள்.

உமாராணி அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.  பிள்ளை பயந்துபோய் அவர் முகத்தையே பார்த்தது. வாய் எப்போது அசையும் என்று பார்த்தது.

"உனக்குக் காது கேக்காதுன்னு ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"கேக்குமே டீச்சர். வாயப் பாத்தா கேக்கும். எல்லாருக்கும் அப்படித்தான?" என்றவள், ஒரு நியாயத்தையும் எடுத்துச் சொன்னாள். "நீங்க போர்டு பக்கம் திரும்பிக்கிட்டுச் சொல்லுவீங்கல்ல, அப்போ யாருக்கும் கேக்காதுல்ல?"

பன்னிரண்டு வயது. இந்த உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகளைவிடத் தான்தான் கவனக்குறைவு என்று தன்னையே திட்டிக்கொண்டு, இரண்டு வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். உமாராணி அன்றைக்கு அழுதார். பள்ளிக்கூட வராந்தா என்றும் பார்க்கவில்லை.

சாயந்தரம் அவள் வீட்டுக்குப் போனார். வீட்டில் எப்படித் தெரியாமல் போகும் என்ற கோபம் இருந்தது. தப்பைப் பங்கு போட ஆள் தேடிப் போனார் என்றும் சொல்லலாம். தெருமுனையிலேயே அந்த வீட்டுச் சத்தம் கேட்டது. சண்டை என்று நினைத்தார். உள்ளே போனால், மனுவேல் மனைவி பிரகாசியிடம் டீ கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இருபத்தைந்து வருஷமாகக் கடலுக்கடியில் முங்கி மனுவேலுக்கு இரண்டு காதும் போய்விட்டது. அதனால் அந்த வீட்டில் மெதுவாகப் பேசுகிற வழக்கமே கிடையாது. எதிரே வந்து நின்று, தோளைத் தட்டி, முகம் பார்த்து, கையை ஆட்டிக் கத்துவார்கள். அப்பாவுக்காகக் கத்தினார்கள். மகளுக்கும் கேட்டுவிட்டது. ஊரில் வேறு எந்த வீடாக இருந்தாலும் ஆறு மாதத்தில் தெரிந்திருக்கும்.

"இவளுக்கா? நல்லாக் கேக்குமே டீச்சர்!" என்று கத்தினாள் பிரகாசி. "காது வடியும், அவ்வளவுதான். எண்ணெ காய்ச்சி ஊத்துவேன். கடல்ல முங்குத வீட்டுல காது வடியாத பிள்ள எங்கன இருக்கு?"

உமாராணி அவளிடம் முந்தானையால் வாயை மறைத்துக்கொள்ளச் சொல்லி, மகளை மெதுவாகக் கூப்பிடச் சொன்னார். பிரகாசி சிரித்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டாள். "ஏஞ்சல்" என்றாள். தரையில் உட்கார்ந்து புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்த பிள்ளை நிமிரவில்லை. "ஏஞ்சல்" என்றாள் மறுபடியும். பக்கத்து வீட்டு நாய் திரும்பிப் பார்த்தது. மூன்றாம் தரம் கூப்பிடும்போது பிரகாசியின் குரல் உடைந்துபோயிற்று. முந்தானையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். என்ன நடந்தது என்று தெரியாமல் மனுவேல், "என்னாச்சி? யாருக்கு என்ன?" என்று கத்திக்கொண்டே இருந்தார். அவருக்கு யார் சொல்வது?

மறுநாள் காலையில் உமாராணி நீலப் பட்டியலில் மிச்சமுள்ள பத்துப் பேரையும் ஒவ்வொருவராகச் சுவர் பக்கம் திருப்பி நிறுத்தினார்.  முத்துக்கனி உடனே திரும்பினாள். இஃப்ரா திரும்பினாள். இரண்டு பையன்கள் திரும்பவில்லை. ஒருவன் கொஞ்சமும் அசையவில்லை, இன்னொருவன் இடது பக்கம் நின்று சொன்னால் மட்டும் கேட்டான். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் காது மந்தமான மூன்று பேரையும் துல்லியமாகப் பொறுக்கி எடுத்து, கேட்டுப் படிக்கிறவர்கள் என்று பெயர் வைத்து உட்கார வைத்திருக்கிறார். பச்சையிலும் சிவப்பிலும் ஒரு பிள்ளைக்குக்கூடக் குறையில்லை. எல்லோரையும் பார்த்துவிட்டார்.

மகாராஜன் சாருக்குப் போன் போட்டார். "சார், திட்டத்த எந்த ஸ்கூலுக்கும் அனுப்பாதீங்க."

"என்ன டீச்சர், மேல பேசி முடிச்சிட்டேனே. ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னா…"

"மூணு பிள்ள சார். வாயையே பாக்குத பிள்ளைய நான் கேக்குற பிள்ளைன்னு எழுதுனேன். முப்பத்திரண்டு ஸ்கூல்லயும் இத எழுதுவாங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன். முதல்ல எல்லாப் பிள்ளைக்கும் காதும் கண்ணும் பாக்கச் சொல்லுங்க."

 "உங்க பேரு வராது, அது தெரியுமா?" என்றார் சார். தெரியும் என்று சொல்லிவிட்டு உமாராணி போனை வைத்தார். சொன்னபோது வலிக்கத்தான் செய்தது, வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

சனிக்கிழமை அரசு ஆஸ்பத்திரிக்குப் பிரகாசியும் ஏஞ்சலினும் போனார்கள். உமாராணியும் கூடப் போனார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பரிசோதித்தார்கள். காது டாக்டர் ஒரு இளம்பெண். குழாய் வைத்து இரண்டு காதுக்குள்ளும் வெகுநேரம் பார்த்தார். வலது காதில் சவ்வுதான் ஓட்டை, ஆபரேஷன் செய்தால் கேட்க வாய்ப்பு உண்டு என்றார். இடது காதைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். சீழ் உள்ளே போய்ச் சின்ன எலும்பை அரித்துவிட்டது.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கொண்டு வந்திருந்தா இத காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார். "ஸ்கூல்ல யாரும் கவனிக்கலையா?"

பிரகாசி அவசரமாக உமாராணியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "டாக்டர், இவங்கதான் டீச்சர். இவங்கதான் கண்டுபிடிச்சாங்க. இவங்க மட்டும் இல்லன்னா எம்பிள்ள கதி என்னாயிருக்கும்? மாதா மாதிரி வந்தாங்க."

டாக்டர் புன்னகையோடு நிமிர்ந்தார். அந்தப் புன்னகையை உமாராணியால் தாங்க முடியவில்லை.

"இல்ல டாக்டர். நான் கண்டுபிடிக்கல" என்றார். "இவ என்கிட்டதான் ரெண்டு வருஷமா இருக்கா. நல்லாக் கேக்குத பிள்ளைன்னு எழுதி வச்சதே நான்தான்."

பிரகாசியின் கை மெல்லத் தளர்ந்தது. டாக்டருக்குப் புரியவில்லை.

"எத வச்சி அப்படி எழுதுனீங்க?"

ஏஞ்சலின் நாற்காலியில் உட்கார்ந்து டாக்டரின் வாயையும் டீச்சரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உமாராணி அவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"நான் பேசும்போது என் வாயவிட்டுக் கண்ண எடுக்கவே மாட்டா டாக்டர். அத வச்சித்தான்."