ரபீக் பாய் தூக்கிய கை

பக்கத்து வீட்டில் இன்று சுண்ணாம்பு கரைத்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆம்பூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த கால்பந்து மைதானத்தில், தோலிலிருந்து முடி கழிக்க, அம்மா வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரியில் வைத்திருக்கும் சுண்ணாம்பை வாளியில் கொண்டுவந்துதான் கோடு போடுவார்கள். ஷிப்ட் முடிந்த அம்மாவும் மற்றப் பெண்களும் கை கழுவியும் போகாத தோல் நாற்றத்தோடு கோட்டோரம் உட்கார்ந்து, இருட்டும்வரை எங்கள் தெரு ரபீக் பாயின் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். அவர் காலில் பட்டுப் பந்து கோட்டைத் தாண்டினால், நடுவர் கவனிக்காவிட்டாலும் அவரே கையைத் தூக்குவார்.

"என் கால்லதான் பட்டுச்சு, பந்த அவங்களுக்குக் குடுப்பா."

அந்தக் கையை நம்பித்தான் எங்கள் தெருவே அவரைக் கவுன்சிலராக்கியது. மைதானத்தை லாரி நிறுத்தக் குத்தகைக்கு விடலாமா என்று நகராட்சிக் கூட்டத்தில் கேட்டபோது, முதலில் கை தூக்கியவர் அவர்.

"இன்னா பாய், பசங்க எங்க ஆடுவாங்க?" என்று அம்மா நடுத்தெருவில் மறித்துக் கேட்டாள்.

"ஊருக்கு வருமானம் வேணாமா தங்கச்சி?"

இப்போது அங்கே லாரிகள் நிற்கின்றன, டீசல் வழிகிறது. போன வாரம் பாய் மறுபடி ஓட்டு கேட்டு வந்தார். நோட்டீஸில் பந்தோடு நிற்கும் பழைய படம். வாசலில் நின்று கும்பிட்டார். அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கூப்பிய கைகளை மட்டும் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.