நாட்டாமை துண்டும் கீழக்கண்மாய் மீனும்

மீன்வளத் துறையில் களப்பணி என்பது மீனைத் தவிர மற்ற எல்லோருக்கும் பதில் சொல்கிற வேலை.

விவசாயம், கால்நடை, கூட்டுறவு, சுகாதாரம் என்று ஏதாவது ஒரு துறைக்காக சைக்கிள் மிதித்து ஊர் ஊராக அலைந்து, போன இடத்திலெல்லாம் "இதுக்கு எதுக்கு சார் ஒரு ஆபீசு" என்ற கேள்வியை வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் யாராவது இதைப் படித்தால் என்னோடு சேர்ந்து பெருமூச்சு விடுங்கள். நானும் உங்கள் இனம்தான். எழுபதுகளின் கடைசியில் போடிநாயக்கனூருக்கு வந்து, எண்பதுகளின் நடுவில்தான் கிளம்பினேன். அந்த வருஷங்களை நினைத்தால் இன்றைக்கும் மூக்கில் ஏலக்காயும் மீனும் சேர்ந்தே மணக்கின்றன.

கடல் இல்லாத ஊரில் முதல் வேலை

நான் பிறந்தது ராமநாதபுரத்துக் கடற்கரையில். அப்பா கடலுக்குப் போனவர். மீன்வளத் துறையில் வேலை என்று ஆர்டர் வந்ததும், மகன் எப்படியும் கண்ணுக்கெட்டுகிற தூரத்தில் ஒரு துறைமுகத்தில் உட்காருவான் என்று அவர் நம்பினார். எனக்குக் கிடைத்ததோ மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். ஜன்னலைத் திறந்தால் மலை, கதவைத் திறந்தால் மலை.

போடியில் வீடு தேடிப் போன முதல் வீட்டில் ஒரு அம்மா முறத்தில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். எந்த ஆபீஸ் என்று கேட்டார். சொன்னேன். கண்மாயில் மீன்குஞ்சு விடுவது, மீன்பிடிக்கிற குடும்பங்களுக்கு உதவி செய்வது, ஊருக்கு ஊர் பேசி மீனை அழியாமல் காப்பது என்று மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எல்லாம் ஒப்பித்தேன். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் முழுவதையும் கேட்டுவிட்டு அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்:

"கடல் எங்கிட்டு இருக்கு, நீங்க எங்கிட்டு வந்து நிக்கிறீக? அங்க ஏதும் தப்புக்கிப்பு செஞ்சுபுட்டீகளா தம்பி?"

நீந்துகிறவர்களுக்கு டிக்கெட் இல்லை

போடியிலிருந்து தேவாரம் போகிற வழியில், மலை ஓடைத் தண்ணீரை நம்பி ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு கண்மாய்கள் இருந்தன. மேலூருக்கு மேலக்கண்மாய், கீழூருக்குக் கீழக்கண்மாய். கீழக்கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை வெளியூர்க் குத்தகைக்காரர் ஒருவர்தான் வருஷாவருஷம் எடுத்துக்கொண்டிருந்தார். கரையோரம் குடியிருந்த மீன்பிடிக் குடும்பங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, நாங்களே குஞ்சு விட்டு வளர்க்கிறோம் என்று ஊரைக் கேட்டார்கள். ஊர் இரண்டு கோடை தவணை கொடுத்தது. அதற்குள் மீன் வளர்த்துக் காட்டாவிட்டால் கண்மாய் பழையபடி குத்தகைக்காரருக்குப் போகும். இவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஏலத்தோட்டக் கூலிக்கு மலையேற வேண்டும். குழுவுக்குத் தலைவர் என்று ஒருவர் பேருக்கு இருந்தார். பேசுவதெல்லாம் சுருளியம்மாள். கூடையில் மீனைச் சுமந்து மலைமேல் குரங்கணி வரை விற்றுவரும் பெண்பிள்ளை.

வைகை அணைப் பக்கமிருந்து கட்லா குஞ்சுகளை அகன்ற வாய் அலுமினிய அண்டாக்களில் வாங்கி, நானும் சுருளியம்மாளும் அவள் தம்பி கருத்தபாண்டியும் பஸ்ஸில் ஏறினோம். அண்டாத் தண்ணீரைக் கையால் அலசிக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் குஞ்சு மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஆண்டிபட்டி தாண்டுவதற்குள் எங்கள் மூவருக்கும் தோள்பட்டை விட்டுப்போயிற்று. தேனியில் ஏறிய ஒரு கல்யாணக் கூட்டம் விஷயத்தைக் கேட்டுவிட்டு முறைவைத்து அலச ஆரம்பித்தது. பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் வளையலைக் கழற்றிப் புருஷனிடம் கொடுத்துவிட்டு அண்டாவுக்குள் கையை விட்டாள். அந்தப் பஸ்ஸில் வந்த யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது, ஆனாலும் அவர்கள்மேல் எனக்கு இன்னும் பிரியம் இருக்கிறது. அண்டாவுக்கு லக்கேஜ் போடச் சொல்லி நான் காசை எடுத்தபோது கண்டக்டர் தடுத்துவிட்டார்:

"உக்காந்து வர்றவுகளுக்குத்தான் சார் டிக்கெட்டு, நீந்தி வர்றதுக்கு இல்ல. கைய மட்டும் நிப்பாட்டிராதீக, என் வண்டியில செத்துச்சுன்னா பாவம் எனக்கு."

ஓட்டை வலை

எங்கள் கடற்கரையில் நான் சிறுவனாக இருந்தபோது கொசுவலை மாதிரிச் சின்னக் கண்ணி வலைகள் வந்தன. குஞ்சும் குளுவானுமாக எல்லாவற்றையும் வாரிக் கரையில் கொட்டினார்கள். சில வருஷங்களில் கரையில் நின்று கரைமடி வலை இழுத்தால் பாசிதான் வந்தது. அப்பா கட்டுமரத்தை விற்ற நாளில் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அந்த வலி எனக்கு இருந்ததால், கீழக்கண்மாய்க்குப் பெரிய கண்ணி வலைதான் என்று பிடிவாதமாக நின்றேன். வலை பின்னும் வேலையை எங்கள் ஊர்ப் பெண்களுக்கே வாங்கிக் கொடுத்தேன். அவர்களுக்கும் அப்போது வேறு வருமானம் இல்லை. என் அக்காவும் அதில் ஒருத்தி.

வலை வந்து இறங்கியதும் கருத்தபாண்டி அதை விரித்து, கண்ணிக்குள் கையை விட்டு, முழங்கை வரை உள்ளே போவதைப் பார்த்தான். சின்ன மீன் தப்பிப் போகத்தான் இந்த ஏற்பாடு என்று நான் விளக்கினேன். அவன் வலையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னான்:

"சார், நூலைவிட ஓட்டைதான் கூட இருக்கு. கூலி நூலுக்கா, ஓட்டைக்கா?"

இத்தனை கிண்டல் செய்தவன்தான், நான் லீவில் ஊருக்குக் கிளம்பும்போது வலை பின்னியவர்களுக்கென்று ஒரு பொட்டலம் ஏலக்காயைக் கொண்டுவந்து கொடுத்தான். அப்புறம் ஒவ்வொரு லீவுக்கும் அது வழக்கமாகிவிட்டது. இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தபோதே அக்கா கவலைப்பட ஆரம்பித்தாள்:

"அந்த மலைக்காரவுகள்ட்ட சொல்லிருடா, இனிமே அனுப்ப வேணாம்னு. ஏலக்காய் போட்டுக் குடிச்சுப் பழகிட்டா எங்களுக்கு வெறும் டீ எறங்காது."

மேலே கழுவினால் கீழே சாவு

குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில் செடிக்கு மருந்தடித்த டப்பாக்களை ஓடையில் கழுவினார்கள். ஒருநாள் மேலக்கண்மாய் ஓரத்தில் மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. அடுத்தது கீழக்கண்மாய்தான். ஏலக்காய் மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய ஜீப்பில் தொற்றிக்கொண்டு நானும் சுருளியம்மாளும் போனோம். அந்த ஜீப்புப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும், உட்காருவதும் நிற்பதும் நம் இஷ்டத்தில் இல்லை.

தோட்டத்து சூப்பர்வைசர் மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற நல்ல மனுஷர். சாயா கொடுத்தார். நான் ஓடை, கண்மாய், சினை மீன் என்று வரிசையாகச் சொல்ல, "செரியா சார், செரியா" என்று தலையாட்டினார். ஆனால் குழி வெட்டி அதில் கழுவ ஆள் இல்லை என்றார். சுருளியம்மாள் சாயாவைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அந்தத் தோட்டத்துக்கு வாராவாரம் மீன் கொண்டுபோவதே அவள்தான். டம்ளரைக் கீழே வைத்தாள்:

"ஒங்க மருந்தத் தின்ன மீனத்தான் நான் ஒங்களுக்கே கொண்டாரணும். அதுக்கு எதுக்கு அம்புட்டுத் தொலைவு சுத்தி வரணும், டப்பாவ அப்பிடியே கொழம்புல கழுவிருங்க."

மறுநாளே குழி வெட்டினார்கள்.

துண்டு விழுந்தது

கோடையில் தண்ணீர் குறைந்ததும், குத்தகைக்காரர் பிடித்தது போக மிச்சத்துக்குக் கண்மாயை ஊருக்கே திறந்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கண்மாய் அழியுது என்பார்கள். அடியும் மேலும் திறந்த ஊத்தா என்கிற மூங்கில் கூடைகளோடு சுற்றுப்பட்டு ஜனம் கரையில் நிற்கும். பெரியவர் ஒருவர் தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டை எடுத்துத் தலைக்கு மேல் வீசிக் காட்டுவார். அவ்வளவுதான், அத்தனை பேரும் உள்ளே. துண்டு வீசிவிட்டால் கண்மாய் எல்லோருக்கும் பொது. வீசியதை யாரும் திரும்ப வாங்க முடியாது. ஏமாற்று இருக்கக்கூடாது என்பதற்காகக் கீழக்கண்மாய்க்கு மேலூர் நாட்டாமைதான் துண்டு வீசவேண்டும், மேலக்கண்மாய்க்குக் கீழூர்ப் பெரியவர்.

குஞ்சு விட்ட அந்த முதல் கோடையில் கண்மாய் அழியக்கூடாது என்று நான் இரண்டு ஊரிலும் மாதக்கணக்காகக் காலில் விழாத குறையாகப் பேசியிருந்தேன். மீன் அப்போது ஒரு சாண்கூட இல்லை. கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்டு, அதைக் கரையில் வைத்தே சொல்லிவிடலாம் என்று கூடினார்கள். ஜனம் என்ன இருந்தாலும் ஊத்தாவைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தது. மேலூர் நாட்டாமை ராமையா கரையில் ஏறி, இந்த வருஷம் கண்மாய் அழியாது, மீன் வளரட்டும் என்று அழகாகப் பேச ஆரம்பித்தார். தூரத்தில் நின்றவர்களுக்குப் பேச்சு கேட்காது, ஆள் மட்டும்தான் தெரியும். மருத மரத்திலிருந்து ஒரு குளவி வந்து அவர் காதைச் சுற்றியது. மனுஷர் தோளிலிருந்த துண்டை உருவி, ஓங்கி வீசினார்.

தண்ணீர் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. "ஏறுங்க, ஏறுங்க" என்று நாட்டாமை துண்டை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவை ஆட்டும்போதும் எதிர்க்கரையிலிருந்து இன்னும் பத்திருபது பேர் குதித்தார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். சுருளியம்மாள் கரையில் அப்படியே உட்கார்ந்து, சேற்றில் போகிற தன் இரண்டு கோடையில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் பக்கம் போகத் தைரியம் வரவில்லை. நாட்டாமை வெளுத்த வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று கும்பிட்டார்:

"விட்டுருங்கப்பா, மீனக் கீழ விட்டுருங்க. நான் வீசுனது கொளவிக்கு."

மறுகால்

கேட்டவர்கள் விட்டுவிட்டார்கள். கேட்காதவர்கள் வீட்டில் குழம்பு கொதித்துவிட்டது. வழக்கப்படி அவர்கள் செய்ததில் தப்பில்லை என்பதுதான் பெரிய கொடுமை. குழுவில் சிலர் அப்போதே தோட்டத்து ஜீப்புக்காரரிடம் இடம் சொல்லிவைத்தார்கள். சுருளியம்மாள் மட்டும் மிச்சம் கிடந்த மீனுக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மேலக்கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. அந்த உபரித் தண்ணீரோடு பெரிய மீன்கள் கீழே இறங்கும். இறங்காதபடி மேலூர்க்காரர்கள் மறுகாலில் மூங்கில் தட்டி கட்டிப் பிடித்துக்கொள்வது தலைமுறை தலைமுறையாக நடப்பது. அந்த வருஷம் நான் மழையில் நனைந்துகொண்டே போய்ப் பார்த்தபோது தட்டியைக் காணோம். அவிழ்த்துக் கரையில் போட்டிருந்தது. மேலூர் இளவட்டங்கள் முணுமுணுத்துக்கொண்டு நிற்க, நாட்டாமை ராமையா மறுகால் கல்லில் குடையோடு நின்றிருந்தார். தோளில் துண்டு இல்லை. கோடையிலிருந்தே கண்மாய்க் கரைக்கு அவர் துண்டு போட்டுக்கொண்டு வருவதில்லை என்று சொன்னார்கள்.

கெண்டையும் கெளுத்தியும் வெள்ளி வெள்ளியாகப் புரண்டு கீழே விழுந்தன. கீழே நின்ற சுருளியம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "ஆத்தா, எடுத்தது என் துண்டு, குடுக்குறது எங்க ஊரு. இனி எந்த வருசமும் இங்க தட்டி கெடையாது. நீங்களும் எங்க பிள்ளைகளுக்குக் குஞ்சு வளக்கச் சொல்லிக் குடுங்க" என்றார் நாட்டாமை. மழையில் அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் அழுதேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேலே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:

"சரிண்ணே. இனிமே கொளவி வந்தா கடி வாங்கிக்கங்க."

இரண்டாவது கோடையில் ஓட்டை வலை நிறைந்தது. குத்தகைக்காரர் வந்து கரையில் நின்று பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். தோட்டத்து ஜீப்பில் யாரும் கூலிக்கு ஏறவில்லை, சுருளியம்மாளின் மீன் கூடைகள்தான் ஏறின. கொஞ்ச நாளில் எனக்குக் கடற்கரைக்கு மாற்றல் வந்தது. அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். அங்கே மீன் சினைப்படும் காலத்தில் வலை போடுவதில்லை என்று பல ஊர்க்காரர்களைக் கூட்டிவைத்துப் பேசியபோதெல்லாம், பெரியவர் யாராவது துண்டில் கை வைத்தால் என் கண் முதலில் பக்கத்து மரத்துக்குத்தான் போனது.

மீன் தானாக வளர்ந்துகொள்ளும், அதுவரை ஊர்ப் பெரியவர்கள் பக்கம் ஒரு குளவி வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் சர்க்கார் எனக்கு அத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தது.