மாமா ஊதிய கடைசி ஆட்டம்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தொழில் சாவி வெட்டுவது, பைத்தியம் விசில் ஊதுவது. விடுமுறை நாள் என்றால் கடையை இழுத்துச் சாத்திவிட்டு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார். அவர் கால்பந்து நடுவராக இறங்கினால், கொடி பிடித்துக் கோட்டோரம் ஓடுபவன் நான். பணிவு என்பது மருந்துக்கும் கிடையாது அவரிடம். ஆனாலும் அவர் ஊதினால்தான் ஆடுவோம் என்று இரண்டு அணிகளும் அடம்பிடிக்கும்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பந்து மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. கண்ணில் புரை, கூடவே கிளாக்கோமா. டாக்டரம்மா ஒரே ஆபரேஷனில் புரையை எடுத்து, கண்ணுக்குள் ஏறியிருந்த அழுத்தம் குறையவும் வழி செய்தார். மங்கல் போய்விடும், ஆனால் அழுத்தத்தால் ஓரங்களில் போன பார்வை திரும்பாது என்று படித்துப் படித்துச் சொன்னார். மாமா காதில் முதல் பாதிதான் விழுந்தது. கட்டைப் பிரித்ததும் அக்காவைப் பார்த்து, உனக்கு எப்போது இத்தனை நரை வந்தது என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இனி ஓடலாம் என்று டாக்டரம்மா சொன்னதுதான் தாமதம், புதுச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கிவிட்டார். டாக்டரம்மா சொன்ன இரண்டாம் பாதி என் காதில் விழுந்திருந்தது. விசில் கையை விட்டுப் போனால் மனிதர் ஒடிந்துவிடுவார். பந்து எங்கே போனாலும் அவர் கண் கூடவே போனது. ஆனால் அவருக்கு இடப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், ஒருவன் இன்னொருவனை முழங்கையால் இடித்துக் கீழே தள்ளினான். மாமா திரும்பவே இல்லை. நான் கொடியைத் தூக்கினேன். ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"எங்க நடந்துச்சு?"

"உங்க பக்கத்துலயேதான் மாமா."

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவரோ விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார்.

"நீ ஊது மாப்ள. நான் பாக்காம விட்டு ஒருத்தன் கால் ஒடிஞ்சா என்னால தாங்க முடியாது."

கொடியை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். என்ன ஊதினேன், எதற்கு ஊதினேன் என்று எனக்கே தெரியாது. மாமா விறுவிறுவென்று பார்வையாளர் படியேறி, மேல் வரிசையில் ஆட்டம் பார்க்க வந்திருந்த அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று திரும்பிப் பார்க்கக்கூட எனக்குப் பயம். ஒரு கோல் விழுந்தது. ஊதினேன். மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அது ஆஃப்சைடு மாப்ள. இங்கேருந்து மொத்த கிரவுண்டும் தெரியுது எனக்கு."

பக்கத்தில் நின்றபோது நழுவிப்போனதெல்லாம், அத்தனை தூரத்தில் அவருக்கு மிச்சமிருந்த பார்வைக்குள் அடங்கிவிட்டது போலும். அது ஆஃப்சைடுதான். ஆட்டம் முடியும்வரை, ஊரே கேட்க, என்னைத் திட்டித் தீர்த்தார். அப்போதுதான் எனக்குப் போன உயிர் வந்தது.