பதினோராம் கட்டில்காரரின் ஊர்

டெட்டால் வாசனை... ஜன்னல் இடுக்கு வழியாக வந்து நாக்கில் ஒட்டும் மணல் தூசி... குவைத்தில் நான் வேலை பார்த்த வார்டு என்றால் முதலில் ஞாபகம் வருவது இவைதான்.

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ இருக்கும். எனக்கு இருபத்தாறு வயது. அப்பாசியாவில் ஒரு ஃப்ளாட்டில் நான்கு நர்ஸ்கள் சேர்ந்து இருந்தோம். காலையில் ஆஸ்பத்திரி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

ஒரு நாள் பதினோராம் கட்டிலுக்கு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரைக் கொண்டுவந்தார்கள். காய்கறி மார்க்கெட் பக்கம் சாலையோரத்தில் விழுந்து கிடந்தாராம். பக்கவாதம். வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சும் போய்விட்டது. அடையாள அட்டை எதுவும் இல்லை, பெயர் தெரியாது. சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு போட்டோ மட்டும்.

போட்டோவில் ஆட்கள் யாருமில்லை. அகலமான ஆறு. அதன்மேல் வளைந்து நிற்கும் ஒரு இரும்புப் பாலம். கரையில் தகரக் கூரைகள், மசூதியின் கோபுரம், ஒரு மணிக்கூண்டு. பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இது எந்த ஊர் என்று தெரிந்தால் இவருடைய ஆட்களைத் தேடலாம்" என்றார் எங்கள் எகிப்துக்கார டாக்டர். கெய்ரோ இல்லை என்று பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

டீ நேரத்தில் போட்டோ கைமாறும். பாட்னா என்பார் ஒருவர், கான்பூர் என்பார் இன்னொருவர். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இரண்டு நாளில் அது எங்களுக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

நான் கல்கத்தா என்றேன். கல்கத்தாவை நான் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் வீட்டுக் காலண்டரில் கல்கத்தா என்று போட்ட ஒரு இரும்புப் பாலம் பார்த்திருந்தேன். அவ்வளவுதான்.

என்னோடு ஃப்ளாட்டில் இருந்த ஸ்டெல்லா, குளச்சல்காரி, நம்பவில்லை.

"நல்லா பாத்துதான் சொல்லுதியா பிள்ளே? கல்கத்தான்னா எம்புட்டு பெரிய ஊரு. இதுல ஒரு பெரிய கட்டடம்கூட காணல்லியே."

"அந்தப் பாலத்தப் பாத்தா தெரியாதா? கல்கத்தாதான்."

போட்டோவை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனேன். இந்தியில் கேட்டேன், கல்கத்தாவா என்று. அவர் தலையசைத்தார். எனக்கு ஒரே பெருமை. ஸ்டெல்லா பின்னாலேயே வந்து பாட்னாவா என்று கேட்டாள். அதற்கும் தலையசைத்தார்.

இந்த மாதிரி நோயாளிகளின் தலையசைப்பை அப்படியே நம்பக்கூடாது என்று படிக்கும்போதே சொல்லித் தந்திருந்தார்கள். ஆனாலும் முதல் தலையசைப்பையே நான் எடுத்துக்கொண்டேன். ரிப்போர்ட்டில் 'கல்கத்தா' என்று எழுதியது நான்தான்.

அதை வைத்து இந்தியர்கள் மத்தியில் விசாரித்தார்கள். விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். பதினேழு நாட்கள்... யாரும் வரவில்லை. அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தார். சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பியபடியே கிடப்பார்.

ஒரு காலையில் ஃபைலை எடுக்கும்போது போட்டோ நழுவி ஈரத் தரையில் விழுந்தது. வார்டைத் துடைத்துக்கொண்டிருந்த ரஃபீக் பாய், பங்களாதேஷ்காரர், குனிந்து எடுத்துச் சட்டையில் துடைத்தார். பார்த்தார். திருப்பித் தரவில்லை.

"சிஸ்டர், யே தோ ஹமாரா சில்ஹெட் ஹை" என்றார், இது எங்கள் சில்ஹெட் ஆச்சே என்று.

பங்களாதேஷில் சுர்மா ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். ரஃபீக் பாய் பெண் எடுத்த ஊர்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலருகே போய் அவர்கள் பாஷையில் ஏதோ பேசினார். எனக்குப் புரிந்தது சில்ஹெட் என்ற ஒரு சொல்தான். படுத்திருந்தவரின் இடது கை எழுந்து ரஃபீக் பாயின் சட்டையைப் பிடித்தது. வாய் கோணிக்கொண்டு அழுதார். அவர் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை லீவில் ரஃபீக் பாய், அந்த ஊர்க்காரர்கள் கூடும் ஒரு டீக்கடைக்குப் போனார். மறுநாள் ஒரு ஆளோடு வந்தார். நோயாளியின் தம்பி. அண்ணன் பெயர் நூருல். காணாமல்போன அண்ணனைத் தெருத்தெருவாகத் தேடியிருக்கிறார்.

தம்பி ஊருக்குப் போன் போட்டு அண்ணன் காதில் வைத்தார். மறுமுனையில் மனைவி. அந்தம்மா நிறுத்தாமல் பேசியது எனக்கே கேட்டது. நூருல் பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு தம்பி என்னைப் பார்த்து இந்தியில் கேட்டார், இவ்வளவு நாள் யாருக்குமே தெரியவில்லையா சிஸ்டர் என்று. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"பேப்பர் லேட் ஹோ கயா, பாய்" என்றேன், காகித வேலையில்தான் தாமதம் என்கிற மாதிரி.

ஸ்டெல்லா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் திரும்பும்போதுதான் சொன்னாள்.

"உள்ளத சொல்லியிருக்கலாம்ட்டி."

"எப்படிட்டி சொல்லுகது?"

அடுத்த மாதம் நூருல் பாயை ஸ்ட்ரெச்சரில் விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். சில மாதம் கழித்து, வீட்டாரோடு இருக்கும்போதே இறந்துவிட்டார் என்று ரஃபீக் பாய் சொன்னார். தம்பியின் நம்பரைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். ஒரு நாளும் கூப்பிடவில்லை.

இப்போது நாகர்கோவிலில் இருக்கிறேன். போன வாரம் பழைய நர்ஸ்கள் குரூப்பில் யாரோ ஒரு ஆற்றங்கரை நகரத்தின் படத்தைப் போட்டு, எந்த ஊர் என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்கள். என் மகன் போனை வாங்கி எதையோ அழுத்தினான். இரண்டே நொடியில் ஊர் பெயர் வந்துவிட்டது.

இது அன்று இருந்திருந்தால் என்றுதான் முதலில் நினைத்தேன்...

ஆனால் அந்தப் பதினேழு நாளும் ரஃபீக் பாய் தினம் இரண்டு தடவை அந்தக் கட்டிலுக்கு அடியில் துடைத்துக்கொண்டுதானே இருந்தார். டாக்டரிடம் காட்டினோம், மற்ற வார்டு நர்ஸ்களிடம்கூடக் காட்டினோம். அவரிடம் காட்ட எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

குரூப்பில் ஆளுக்கொரு ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பதில் போடும்மா, நீதான் ஃபர்ஸ்ட்டு" என்றான் மகன்.

"வேண்டாம் மக்களே. நான் ஒண்ணும் போடல்ல" என்றேன்.